பாறை உப்பும் தாது உப்பும்: அகச்சிவப்புக் கதிர் காட்டும் வேறுபாடு

கறவை மாடுகளுக்குத் தீவனத்துடன் உப்பும் கொடுக்க வேண்டும் என்பதை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். கழுநீர்த் தொட்டியில் ஒரு கை உப்பு போட்டுக் கலக்குவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கமே. அண்மைக் காலமாக, இளஞ்சிவப்பு நிறமுள்ள பாறை உப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொழுவத்தில் தொங்கவிடும் வழக்கமும் பரவி வருகிறது. மாடு தனக்கு வேண்டியபோது நக்கிக்கொள்ளும். மழைச்சாரலில் அவ்வளவு எளிதாகக் கரைந்து வீணாகாது. இவ்வளவில் இது நல்ல வழக்கமே.

ஆனால் சில மாதங்களுக்கு முன் ஓர் உழவர் இந்தக் கட்டியில் ஒரு துண்டை உடைத்துக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தார். அவரிடம் இரண்டு கலப்பினப் பசுக்கள். மூன்று முறை சினை ஊசி போட்டும் ஒரு பசுவுக்குச் சினை தங்கவில்லை. மற்றொன்று கன்று ஈன்ற பிறகு பால் குறைந்து மெலிந்து வருகிறது. “தாது உப்புக் கலவையை நிறுத்தி ஒரு வருசம் ஆச்சுங்க. இதுவும் தாது உப்புத்தானுங்களே ஐயா? எண்பத்துநாலு தாது இருக்குதுன்னு சோதனை பண்ணிப் போட்டிருக்கறாங்க” என்று கூறி ஒரு துண்டறிக்கையை நீட்டினார். அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் 84 தாதுக்கள் இருப்பது உறுதியாகியுள்ளதாக அதில் அச்சிட்டிருந்தது.

இந்தக் குழப்பத்திற்கு உழவர் மட்டும் பொறுப்பல்ல. கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் முதலியவை சேர்ந்த தூளுக்கு நாங்களே ‘தாது உப்புக் கலவை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பாறையிலிருந்து வெட்டி எடுத்த உப்பும் ஒரு தாதுதான். இரண்டிலும் தாது, இரண்டிலும் உப்பு. பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்று என்று எண்ணுவது இயல்பே. எனவே, அகச்சிவப்புச் சோதனை என்பது என்ன, பாறை உப்பைப் பற்றி அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பாறை உப்பு எங்கிருந்து வருகிறது?

சித்த மருத்துவத்தில் இந்துப்பு எனவும், வடமொழியில் சிந்து நாட்டது என்ற பொருளில் சைந்தவம் எனவும் வழங்குவது இதுவே. கடைகளில் இமாலய உப்பு என்ற பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு உப்பின் தாயகம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் உள்ள கேவ்ரா சுரங்கமும் அதைச் சார்ந்த உப்பு மலைத்தொடரும் ஆகும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் வற்றிப்போன கடலின் படிவு அது. அதாவது தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நாம் இன்று பாத்தி கட்டிச் செய்வதை அங்கே இயற்கை தானாகவே செய்து, மேலே மண்ணைப் போட்டு மூடி வைத்தது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் குமா, திரங் ஆகிய இடங்களிலும் பாறை உப்பு உண்டு. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குகளுக்கும் இந்திய அரசு தடை விதித்தது. ஆகவே இன்று கடையில் புதிதாக வரும் சிவப்பு உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது தவறல்ல.

எங்கே கிடைத்தாலும் இதன் பெரும்பகுதி சோடியம் குளோரைடு என்னும் சாதாரண உப்பே. நல்ல கேவ்ரா உப்பில் இது நூற்றுக்கு 96 முதல் 99 பங்கு வரை இருக்கும். மீதமுள்ள சிறு பங்கில் ஜிப்சம், களிமண், சுண்ணாம்பு வகைகள், சிறிது மக்னீசியமும் பொட்டாசியமும், நிறம் தரும் இரும்பு ஆக்சைடு ஆகியவை அடங்கும். செம்மண்ணுக்குச் சிவப்பு தருவதும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

அகச்சிவப்பு என்றால் என்ன?

அடுப்பின் எதிரே உட்கார்ந்தால் முகத்தில் சூடு உறைக்கிறது அல்லவா? அந்தச் சூட்டைக் கொண்டுவரும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கும் அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்.

ஒரு பொருளில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு இறுகிய கட்டு அன்று. வில் வண்டியின் வில்லைப் போல அசைந்துகொண்டே இருக்கும். கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்புக்கு ஓர் அசைவு வேகம். கரியும் ஆக்சிஜனும் சேர்ந்ததற்கு வேறொரு வேகம். ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஒத்த நேரத்தில் தள்ளினால் மட்டுமே அது உயர எழும். அதுபோல, தன் வேகத்திற்கு ஒத்த அகச்சிவப்புக் கதிரை மட்டும் ஒவ்வொரு பிணைப்பும் விழுங்கிக்கொள்ளும். எந்தெந்தக் கதிர் குறைந்து வெளிவருகிறது என்று கருவி வரைந்து காட்டும் கோடே நிறமாலை. சல்பேட் இருந்தால் சுமார் 9 மைக்ரான் அலைநீளத்தில் பள்ளம் விழும். கார்பனேட் இருந்தால் 7 மைக்ரானிலும் 11.4 மைக்ரானிலும் விழும். களிமண்ணுக்கு 9.7 மைக்ரானை ஒட்டி ஒரு பெரிய பள்ளமும், 2.7 மைக்ரானில் சிறு பள்ளமும் உண்டு. நீர் 2.9 மைக்ரானிலும் 6.1 மைக்ரானிலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.)

இந்தக் கண்ணுக்கு உப்பு ஒரு கண்ணாடி

இனித்தான் முக்கியமான செய்தி. தூய சோடியம் குளோரைடில் மேற்சொன்னபடி இரண்டு மூன்று அணுக்கள் தனிக்கூட்டாகச் சேர்ந்த பிணைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியம் என்று சூழ்ந்து, கட்டி முழுவதும் ஒரே பின்னலாக நிற்கிறது. அந்தப் பின்னல் மெதுவாகவே அசைகிறது. அது விழுங்கும் கதிர் 60 மைக்ரானுக்கு அருகில்தான் இருக்கிறது. சோதனைச் சாலைகளில் உள்ள வழக்கமான கருவிகளோ 2.5 முதல் 25 மைக்ரான் வரையே பார்க்கின்றன. சில மில்லிமீட்டர் கனமுள்ள உப்புப் பலகை சுமார் 15 மைக்ரான் வரை கதிர்களைத் தடையின்றி விட்டுவிடும். சன்னல் கண்ணாடி வழியே வெயில் வருவதைப் போல, உப்பின் வழியே அகச்சிவப்பு சென்றுவிடுகிறது. ஆகவே, தூய பாறை உப்பின் நிறமாலையில் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இராது.

சாதாரணக் கண்ணாடி இதற்கு நேர்மாறானது. வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 1830-களில் இத்தாலிய அறிஞர் மெல்லோனி இந்த வேறுபாட்டைக் கண்டறிந்து, பாறை உப்பிலேயே பட்டகங்களைச் செதுக்கி ஆராய்ந்தார். லண்டனில் ஜான் டிண்டால் 1859-இல் ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளையும் பாறை உப்புத் தகடுகளால் மூடி, உள்ளே பல வாயுக்களை அடைத்து வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். நீராவியும் கரியமில வாயுவும் கதிரை விழுங்குகின்றன, உலர்ந்த காற்று ஏறக்குறைய விழுங்குவதில்லை என்று அவர் காட்டினார். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும் இரவில் நீலகிரியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு கருகுவதற்குக் காரணம் இதுவே: நிலத்தின் சூட்டைத் தடுத்து நிறுத்த மேலே போதிய நீராவியும் மேகமும் இல்லை. மண்ணின் சூடு நேரே வானத்திற்குப் போய்விடுகிறது. இந்த உண்மையைக் கண்டறிய உதவியது ஒரு துண்டு உப்புக்கல் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

பிற்காலக் கருவிகளிலும் மாதிரியைத் தாங்கும் சன்னல்கள் உப்புத் தகடுகளாகவே இருந்தன. இன்றும் பல இடங்களில் உள்ளன. நான் முதுகலை படித்தபோது, தொழுஉரத்திலிருந்து பிரித்தெடுத்த மக்குச்சாற்றைச் சரியாக உலர்த்தாமல் அத்தகைய தகட்டின் மேல் ஒரு சொட்டு வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் தகட்டின் நடுவே அம்மைத் தழும்பு போல ஒரு குழி! உப்பு கரைந்திருந்தது. அந்தத் தகட்டைத் தேய்த்து மெருகேற்ற எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உப்பு தன் வழியே எல்லாவற்றையும் காட்டும், தன்னைக் காட்டாது என்ற பாடம் அன்று மனத்தில் பதிந்தது.

அப்படியானால் துண்டறிக்கை சொல்வது?

பாறை உப்பைத் தூளாக்கி, உலர்ந்த பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து, பல டன் அழுத்தத்தில் சிறு வில்லையாக்கிச் சோதிப்பது வழக்கமான முறை. இன்று வைரக் கண் பொருத்திய கருவியில் தூளை அப்படியே வைத்தும் பார்க்கலாம். அப்போது தெரிவது உப்பு அன்று. உப்புடன் கலந்து வந்த சரக்கே. 9 மைக்ரானில் பள்ளம் விழுந்தால் ஜிப்சமோ அதை ஒத்த வேறு சல்பேட்டோ உண்டு. அத்துடன் நீரின் பள்ளங்களும் கூர்மையாக இருந்தால் அது நீர் சேர்ந்த ஜிப்சம். அகன்று மொத்தையாக இருந்தால் வெறும் ஈரம். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருப்பதால் ஈரத்தின் பள்ளம் நன்றாகவே தெரியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதும் அதனால்தான். பாறை உப்பை நீரில் கரைத்து, அடியில் தங்கும் வண்டலை மட்டும் எடுத்து உலர்த்திச் சோதித்தால் களிமண்ணின் பள்ளங்கள் இன்னும் தெளிவாக வரும்.

ஆனால் இந்தக் கருவி காண்பது பிணைப்புகளை, தனிமங்களை அன்று. துத்தநாகம் எவ்வளவு, தாமிரம் எவ்வளவு, கோபால்ட் எவ்வளவு என்று அது எண்ணிச் சொல்லாது. அதிலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே போனால் எந்தச் சரக்கையும் காண்பதே கடினம். பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் உள்ளதை இந்த முறை கண்டறியவே இயலாது. அதற்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற வேறு கருவிகள் உள்ளன. மண் பரிசோதனை நிலையத்தில் உங்கள் நிலத்தின் துத்தநாகப் பற்றாக்குறையைச் சொல்வது அந்தக் கருவியே. ஆகவே, அகச்சிவப்புச் சோதனையில் 84 தாதுக்கள் உறுதியாயின என்பது, தராசில் வைத்துப் பாலின் நிறத்தை அளந்தேன் என்று கூறுவதைப் போன்றது.

வேறு கருவிகளால் தேடினால் பல தனிமங்கள் அணுவளவில் அகப்படும் என்பது உண்மையே. எந்த மண்ணாங்கட்டியைச் சோதித்தாலும் அகப்படும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியக் கடைகளில் விற்ற இளஞ்சிவப்பு உப்பில் 31 மாதிரிகளைச் சோதித்தார்கள். தாதுக்கள் வெள்ளை உப்பைவிடக் கூடுதலாகத்தான் இருந்தன. ஆயினும் அவற்றால் மனிதருக்குக் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் அந்த உப்பை உண்ண வேண்டும் என்று கண்டார்கள். அவ்வளவு உப்பு உண்டால் தாதுவின் நன்மையைச் சோடியத்தின் தீமை விழுங்கிவிடும். ஒரு மாதிரியில் ஈயம் அந்நாட்டு வரம்பை மீறி இருந்தது. தாதுக்களின் பட்டியல் நீள்வது எப்போதும் நன்மையன்று. ஈயமும் அந்தப் பட்டியலில் ஒன்றே.

பசுவின் கணக்கு

இதைத் தெரிந்துகொள்ளக் கருவிகூட வேண்டாம். ஒரு சிறு கணக்கு போதும். வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு உப்பு சுமார் 30 கிராம் கொடுக்கிறோம். அது 97 பங்கு தூய்மையான பாறை உப்பானால், உப்பல்லாத சரக்கு மொத்தமே 0.9 கிராம். அதில் களிமண்ணும் அடக்கம். அந்த 0.9 கிராமும் கால்சியமே என்று வைத்துக்கொண்டாலும், பசுவின் தேவை எவ்வளவு? ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியமும் 0.9 கிராம் பாஸ்பரசும் வெளியேறுகின்றன. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு பாலின் வழியே மட்டும் 12 கிராம் கால்சியத்தையும் 9 கிராம் பாஸ்பரசையும் இழக்கிறது. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பசு தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் பாலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்தியத் தரக் குறியீட்டின்படியான, உப்பு சேராத தாது உப்புக் கலவையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் கால்சியமும், 12 பங்குக்குக் குறையாமல் பாஸ்பரசும் இருக்க வேண்டும். 50 கிராம் கொடுத்தால் 10 கிராம் கால்சியமும் 6 கிராம் பாஸ்பரசும் சேரும். துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் ஆகியவையும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். பாறை உப்புக் கட்டி கொடுப்பது சோடியமும் குளோரினும். அவையும் பசுவுக்கு வேண்டியவையே. ஆனால் கல் உப்பு கொடுப்பதும் அதையேதான், அதுவும் மிகக் குறைந்த விலையில். அந்த உழவருக்கு நான் சொன்னதும் இதுவே: கட்டியை அவிழ்க்க வேண்டாம், தொங்கட்டும், நிறுத்திய கலவையை இன்றே மீண்டும் தொடங்குங்கள், சினை பிடிக்காமைக்கு வேறு காரணங்களும் இருக்கலாமாதலால் பசுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலையில் உப்பு இருந்தும் கழலை

நிறத்தைப் பார்த்து உப்பை மதிப்பிடுவதன் ஆபத்தை உணர்த்த ஒரு வரலாறு உண்டு. பாறை உப்பு வெட்டும் மண்டிக்கு அடுத்ததே காங்கிரா பள்ளத்தாக்கு. அங்கே முன்கழுத்துக் கழலை நோய் தலைமுறை தலைமுறையாகப் பரவியிருந்தது. மலைச்சரிவில் ஓடும் மழைநீர் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்றுவிட, நீரிலும் விளைபொருளிலும் அயோடின் இல்லாமற்போனதே காரணம். டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956-இல் அப்பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றில் சாதாரண உப்பையும் வழங்கச் செய்தனர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு பெற்ற இரு மண்டலங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்க இது வழிவகுத்தது.

நம் சமையலுக்கு விற்கும் அயோடின் உப்பில் நுகர்வோர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். இதைக் கண்ணாலும் காண முடியாது. அகச்சிவப்புக் கருவியாலும் காண முடியாது. பாறை உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் இதற்கு ஈடாகாது. வீட்டில் சமையல் முழுவதையும் இந்துப்புக்கு மாற்றியவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்தினர், இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கால்நடைகளிலும் அயோடின் குறைந்தால் கன்றுகளும் குட்டிகளும் கழுத்து வீங்கி, மயிரின்றி, வலுவின்றிப் பிறப்பதுண்டு.

சிவப்புப் பொட்டாஷும் வெள்ளைப் பொட்டாஷும்

இதே நிற மயக்கம் உரக் கடையிலும் உண்டு. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரமும் பாறை உப்பைப் போலப் பழங்கடல் வற்றிய படிவிலிருந்து பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படுவதே. சிவப்புதான் வீரியம் என்று சிலர் தேடி வாங்குகின்றனர். சிவப்புக்குக் காரணம் சிறிதளவு இரும்பு ஆக்சைடு. மூட்டையில் 60 சதம் பொட்டாஷ் என்று இருந்தால் பயிருக்கு இரண்டும் ஒன்றே. சொட்டுநீரில் கரைத்து விடுவோருக்கு மட்டும் வெள்ளை நல்லது. சிவப்பின் வண்டல் சொட்டுவான்களை அடைக்கும். தென்னைக்கு ஆண்டுக்கு 2 கிலோ இந்த உரம் இடுவோர், அதிலேயே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான குளோரின் சேர்வதையும் நினைவில் வைக்கலாம். மரத்தடியில் தனியே உப்பு கொட்டும் செலவு பல தோப்புகளில் தேவையற்றது.

நிலத்தின் உப்பைப் பற்றியும் ஒரு சொல். மண்ணிலுள்ள கரிமப் பொருளையும் களிமண் வகையையும் அகச்சிவப்பு முறையில் விரைவாக மதிப்பிடும் கருவிகள் இன்று வந்துவிட்டன. ஆயினும் உப்பு நேராக அதன் கண்ணில் படாது என்பதை மேலே பார்த்தோம். கிணற்று நீரோ நிலமோ உப்பாகிவிட்டது என்ற ஐயம் இருந்தால் மின்கடத்தும் திறனையும் கார அமில நிலையையும் அளக்கக் கொடுங்கள். செறிவூட்டிய மண்சாற்றின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கட்டியைத் தூளாக்கி 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தெளிந்த நீரில் கரைத்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். இயற்கைப் பாறை உப்பானால் செந்நிற வண்டல் அடியில் தங்கி மேல்நீர் தெளிந்து நிற்கும். மேல்நீரே சிவந்திருந்தால் சாயம் ஏற்றியதோ என்று ஐயுற வேண்டும். அதை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். வண்டலைத் துணியில் வடித்து, சிறிது நன்னீர் விட்டு அலசி, காயவைத்து எடை போட்டால், விலை கொடுத்து வாங்கிய கட்டியில் கரையாத மண் எவ்வளவு என்று தெரியும். ஆய்வகத்திற்கு அனுப்புவதானால், “தாது இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்காமல், கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம், ஈயம் என்று பெயர் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள்.